வெற்றுத் தகடு

வெறுமையாக இருக்க வேண்டிய தகட்டில் ஒரு கீறல் தெரிந்தது.

ஷோல்பான் உருப்பெருக்கியை மறுபடி திருகினாள். பட்டப்பகல்தான், ஆனால் கஜகஸ்தான் புல்வெளியில் பனிப்புயல். நாய் குரைத்தால் குரைப்பே உறைந்து தரையில் விழுந்து உடையும் குளிர். ஆய்வுக்கூடத்தில் அமில நெடியும் பால் தேநீரின் ஆவியும் கலந்து கிடந்தன. யுரேனிய அணு பிளந்து சிதறும் துண்டு மைக்கா தகட்டில் பாய்ந்தால் காயம் விழும். அமிலத்தில் ஊறவைத்தால் அது ஊசிக் கீறலாகத் தெரியும். இருபத்தாறு வருடமாக அந்தக் கீறல்களை எண்ணுவதுதான் அவள் வேலை. உலகத்து எறும்புகளைவிட அதிகம் எண்ணியிருப்பாள்.

ஒவ்வொரு தகட்டுக் கட்டோடும் யுரேனியத்தின் முகமே பார்க்காத ஒரு தகடு வரும், ஒப்பிட. அதை யாரும் பார்ப்பதில்லை. பார்க்காமலே பதிவேட்டில் பூஜ்யம் என்று எழுதுவது அங்கே வழக்கம். தேநீர் ஆறும்வரை சும்மா இருப்பானேன் என்று இன்று பார்த்துத் தொலைத்தாள்.

ஒன்றல்ல. நானூற்றுப் பன்னிரண்டு. வளைந்து, சுழன்று, ஒரு கட்டைவிரல் ரேகையாக. நடுவில் குறுக்கே ஒரு தழும்பு.

போன கோடையில் மைக்கா வெட்டும்போது அவள் விரலில் விழுந்த தழும்பு.

"எர்மெக், இங்க வா."

பிரிவுத் தலைவன் குனிந்து பார்த்தான். முகம் வெளுத்தது.

"பூஜ்யம்னு போடுங்கக்கா. நாளைக்குத் தணிக்கைக் குழு வருது. தெரிஞ்சா கூடத்தை மூடி, உங்களையும் உள்ள வச்சுப் பூட்டிருவாங்க."

"என் கை அழுக்கா இருந்திருக்கும், அப்படித்தானே?"

"அழுக்கு கீறல் போடாது. அணு பிளந்த துண்டால ஒரு காகிதத்தைக்கூடத் தாண்ட முடியாது. யுரேனியமே ஒட்டித் தொட்டிருந்தாத்தான்..."

அவள் கையைப் பார்த்தான். ஓரடி பின்னால் போனான்.

"ஏன்டா, என்னமோ ஓநாயப் பாத்த மாதிரி? பதிவேட்டுல இந்த ஒரு கட்டத்துல ஆயுசு பூரா பொய் எழுதியாச்சு. இன்னிக்கு முடியாது."

412. அழுத்தி எழுதினாள். பேனா முனை வளைந்தது.

எர்மெக் வெளியே போய்க் கதவைச் சாத்தினான். வெளியே தாழ்ப்பாள் விழும் சத்தம்.

"நல்லா இழுத்துப் போடு!" என்று கத்தினாள். கட்டைவிரலை லென்ஸுக்கு அடியில் வைத்தாள்.

காற்று நின்றது.

தோல். ரேகை. தழும்பு. பள்ளமெல்லாம் கீறல்கள். பார்க்கப் பார்க்க, ஒரு கீறல் திறந்தது. உள்ளே நீல வெளிச்சம்.

"ஒன்னு," என்றாள், உரக்க.

இன்னொன்று.

"ரெண்டு."

மற்ற கீறல்கள் அத்தனையும், மெல்ல, அவள் கண்ணை நோக்கித் திரும்பின.