நீலம் காட்டிய பாட்டில்

காலை 6.40. சேலையூர் இயற்கை உணவு முகாமின் கடைசி அறையில் மிருதுளா பாயில் செத்துக் கிடந்தாள். வாந்தியில் முகம் கிடந்தது. அழுகிய பழ வாடை குமட்டியது. இன்ஸ்பெக்டர் தபீதாள் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"புருஷன்தான் மேடம் காரணம்!" முகாம் நடத்தும் பத்ரிநாராயணன், வாசலில் நின்ற நிகிலைக் காட்டினார். "நேத்து ராத்திரி பிரியாணி குடுத்திருக்கான். எலுமிச்சை புளிக்கும், ஆனா உள்ளே போனா அமிலத்தை முறிக்கும். கறி உள்ளே போய் அமிலமா மாறும். கொன்னுடுச்சு!"

நிகில் அழுதான். "தெம்பு வரும்னு ஒரு வாய் ஊட்டினேன் மேடம்..."

"இவங்களுக்கு சர்க்கரை இருந்துச்சா?"

"சின்ன வயசுலேர்ந்து. இங்க வந்த அன்னைக்கே இன்சுலினை சார் பிடுங்கி வெச்சுக்கிட்டார்."

"அது இல்லாமலே நல்லா இருந்தா," என்றார் பத்ரி. " நேத்து சாயங்கால சாம்பிள், பாருங்க!"

வராந்தாவில் மூத்திர பாட்டில்கள் பெயரோடு வரிசையாக இருந்தன. நீலம் என்றால் அமிலம் இல்லை, சிவப்பு என்றால் அமிலம். தினமும் யாருடையதில் லிட்மஸ் காகிதம் எவ்வளவு நீலமாகிறது என்று, பிள்ளைகளின் மார்க்கை ஒப்பிடுவதுபோல ஒப்பிடுவார்களாம். படித்த சனம்! பத்ரி, மிருதுளாவின் பாட்டிலில் காகிதத்தை நனைத்தார். பளிச்சென்று நீலம்.

தபீதாள் ஒவ்வொரு பாட்டிலாக முகர்ந்தாள்.

"எல்லாமே நேத்து சாயங்காலத்துதா?"

"ஆமா."

"அப்போ மிருதுளாவோடது மட்டும் ஏன் சார் பஸ் ஸ்டாண்டு கக்கூஸ் மாதிரி நாறுது?"

பத்ரி அந்தப் பாட்டிலை எடுக்கக் கை நீட்டினார். தபீதாள் அதைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டாள்.

"மூத்திரம் நாள்பட்டா அம்மோனியாவாகும். அது காரம். யாரோடதா இருந்தாலும் நீலம்தான் காட்டும். இன்சுலின் இல்லாம உடம்பே அமிலத்தை உண்டாக்கும். அந்த அழுகின பழ வாடைதான் ரூம்ல அடிக்குது. அவங்க நேத்து குடுத்தது சிவப்பு காட்டியிருக்கும். அதைக் கொட்டிட்டு பழசை வெச்சீங்க. சாகப்போறாங்கன்னு தெரிஞ்சே ஆஸ்பத்திரிக்கு அனுப்பல."

"புது பேட்ச் வர்ற நேரம் மேடம். ஆம்புலன்ஸ் வந்தா பேர் கெட்டுடும்."

தபீதாள் காறித் துப்பினாள். கான்ஸ்டபிள்கள் பத்ரியை ஜீப்பில் ஏற்றினார்கள்.

நிகில் பின்னாலேயே ஓடி வந்தான். "அப்போ நான் கொல்லலைதானே மேடம்?"

"பிரியாணி கொல்லல."

"கடவுள் புண்ணியம்..." கண்ணைத் துடைத்துக்கொண்டான். "இன்சுலின் வாங்கிட்டு வான்னுதான் கெஞ்சினா. சார் திட்டுவாரேன்னு பிரியாணி வாங்கிட்டு வந்தேன்."

தபீதாள் அவன் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் ஜீப்பில் ஏறினாள்.