வெறும் ஓட்டம்

சக்கில் எதுவும் மாட்டவில்லை. ஆனாலும் லேத் எதையோ சீவிக்கொண்டிருந்தது.

திம்மப்பன் கையேட்டிலிருந்து கண்ணை எடுத்தார். சக்கில் இரும்புத் துண்டைக் கவ்வும் தாடைகள் வெறுமையாகத்தான் சுழன்றன. வெட்டும் டூல் காற்றில்தான் போய்வந்தது. ஆனால் ஓசூர் சிப்காட்டின் மற்ற ஷெட்களில் மாலை ஷிஃப்ட் தொடங்கும் இரைச்சலுக்கு அடியில், மென்மையான ஏதோ ஒன்று இழை இழையாக உரிபடும் சத்தம் தெளிவாகக் கேட்டது.

இந்த லேத்துகளுக்குக் கட்டளை எழுதும் மொழிக்குக் கம்பெனி மறுபடி ஒரு புது வெர்ஷன் கொண்டுவருகிறது. கையேட்டின் உதாரணங்களைப் புது வெர்ஷனுக்குத் தக்கபடி திருத்துவது திம்மப்பன் வேலை. மத்தூர்ப் பக்கத்துச் சின்னப் பட்டறைகளில் அவற்றை அப்படியே பார்த்து மெஷினில் அடிப்பார்கள். ஒரு வரி பழசாக நின்றுவிட்டால் யாரோ ஒருவனுடைய கை போகும். அதனால் ஒவ்வொரு உதாரணத்தையும் துண்டு மாட்டாமல் வெறுமனே ஓட்டிப் பார்த்த பிறகே அச்சுக்கு அனுப்புவார். அதே உதாரணங்கள், எத்தனையாவது தடவையோ. கண் எரிந்தது. காலையில் அச்சகத்து ஆள் வந்து நிற்பான்.

"நசீரு, சத்தம் கேக்குதா?"

ஆபரேட்டர் நசீருதீன் சிரித்தான். "உங்களுக்குத் தூக்கம் வந்துடுச்சு சார். அவங்க வெர்ஷன் மேல வெர்ஷன் வுடறாங்க, கெழவனாகறது நீங்க."

"வெளையாடாதப்பா. பேரிங் போயிருக்குமா?"

"இப்பதான மாத்தினேன்? நீங்க ஓட்டிக்கினு இருங்க. தொழுதுட்டு டீ வாங்கியாறேன்."

அவன் போனதும் திம்மப்பன் லேத்தை நிறுத்தி அதன் கதவைத் திறந்தார். இன்று சூடு தணிக்கும் கூலன்ட் தண்ணீரைத் திறக்கவே இல்லை. சீவல் விழும் தட்டு உலர்ந்திருக்க வேண்டும். அதில் வெங்காயத் தோல்போல மெல்லிய, வெளிறிய சுருள் ஒன்று கிடந்தது. தொட்டார். வெதுவெதுப்பு. நகம் தீய்ந்த வாசனை.

அசதி, என்று சொல்லிக்கொண்டார். புது வெர்ஷனில் வெட்டும் ஆழத்தை வேறு மாதிரி எழுத வேண்டும்போல. ஆழத்துக்கான எண்ணைக் குறைத்து ஓட்டினார்.

சத்தம் நின்றபாடில்லை.

வெட்டும் வரியையே நீக்கினார். ஓட்டினார். டூல் அசையக்கூடாது. அசைந்தது. இப்போது கெட்டியான ஏதோ அதில் பட்டது. கறகறவென்று. சிவப்புப் பொத்தானை அறைந்தார்.

அமைதி.

தட்டு நிறைந்திருந்தது.

பேனாவை எடுத்து அந்த உதாரணத்தையே அடித்துப்போட்டார். இது புத்தகத்தில் வேண்டாம். யார் கையும் போகவேண்டாம். மூச்சு மெல்லத் திரும்பியது.

"இன்னாவோ சார், ஒரு டம்ளர்தான் எடுத்தார முடிஞ்சுது."

நசீருதீன் இடது கையால் டீயை நீட்டினான். முகத்தில் அதே சிரிப்பு. சட்டையின் வலது கை தோளிலிருந்து தட்டையாகத் தொங்கி, மின்விசிறிக் காற்றில் ஆடியது. ரத்தம் இல்லை. ஒரு கறைகூட இல்லை.

"நசீரு... உன் கை..."

"கைக்கு இன்னா சார்? அடுத்தத ஓட்டலாமா? இருங்க, நானே அமுக்கறேன்."

காலியான சட்டைக்கை எழுந்து பச்சைப் பொத்தானை நோக்கி நீண்டது. அதன் முனைக்கும் பொத்தானுக்கும் இடையே இன்னும் ஒரு சாண் தூரம் இருந்தது.

பொத்தான் உள்ளே அமுங்கியது.