கழுவிய ஒற்றை உறை

அழைப்பு மணி இருக்கக் கமலாதேவி கதவைப் போட்டுத் தட்டினார். திறந்தவர் தவராஜா. புதுக் காரைக் காட்டவென்று டென்மார்க்கின் இக்காஸ்ட் நகரிலுள்ள மாக்கிரட் வீட்டுக்கு வந்து, இரண்டு கோப்பைத் தேநீர் முடியும்வரை அதன் புகழைப் பாடிக்கொண்டிருந்தார் அவர். கோயில் வாசலில் நான்கு சில்லுக்கடியிலும் தேசிக்காய் என்கிற எலுமிச்சையை வைத்து நசித்துப் பூசை போட்ட கார் அது. ஜன்னலால் எட்டிப் பார்த்த மாக்கிரட், "டயர் இடுக்கில இன்னும் தேசிக்காய்த் தோல் ஒட்டியிருக்கு, கிள்ளி எடும்" என்றதோடு சரி. அதில் தவராஜாவுக்குக் கொஞ்சம் மனவருத்தம்.

கமலாதேவியின் முகத்தைக் கண்டதும் காரும் மறந்துபோனது, மனவருத்தமும் மறந்துபோனது. முதியோர் இல்ல வேலைச் சட்டையோடு, கோட்டுக்கூடப் போடாமல் ஓடி வந்திருந்தார். கதிரையில் இருக்கச் சொல்லியும் இருக்கவில்லை.

அவருடைய மகள் ஜெனுஷா டென்மார்க் பெண்கள் ஐஸ் ஹொக்கி அணியின் இரண்டாவது கோல் காப்பாளர். முதலாவது ஆள் அஸ்ட்ரிட். பல நாட்டுப் பெண்கள் அணிகள் மோதும் போட்டி பக்கத்து நகரமான ஹெர்னிங்கில் நடந்துகொண்டிருந்தது. நேற்று ஓய்வு நாள் என்பதால் ஜெனுஷா வீட்டுக்கு வந்தாள். அஸ்ட்ரிட்டின் ஊர் தூரத்து ஓல்போர்க், அதனால் அவளும் கூட வந்து சோறும் கறியும் சாப்பிட்டு அங்கேயே படுத்தாள். காலையில் இருவரும் பயிற்சிக்குப் போனார்கள். பனியில் இறங்கிப் பக்கவாட்டில் முதல் தரம் உந்தியதுமே அஸ்ட்ரிட் விழுந்தாள். முழங்கால் முறுகிவிட்டது. சப்பாத்தைக் கழற்றிப் பார்த்தால், அடியிலுள்ள இரும்பு அலகுகள் இரண்டின் கூர்மையையும் யாரோ மழுங்கடித்து வைத்திருந்தார்கள்.

அவள் விழுந்தால் யாருக்கு லாபம் என்று கேட்டால் சின்னப்பிள்ளைக்கும் பதில் தெரியும். அந்த இடத்தில் நிற்கப்போகிறவள் ஜெனுஷா.

"நாலு மணிக்குள்ள ஆர் செய்ததெண்டு தெரியாட்டி, பிள்ளையை அணியை விட்டு நிப்பாட்டுவாங்களாம், அக்கா. மேலிடத்துக்கும் எழுதுவாங்களாம். பிறகு அவள் ஒரு இடத்திலயும் விளையாடேலாது. அவளுக்கு வேற என்ன இருக்கு?"

பைகள் இரவு எங்கே இருந்தன என்று மாக்கிரட் கேட்டார். கராஜில் என்றார் கமலாதேவி. ஹொக்கிப் பையின் வியர்வை நாற்றத்தைச் சாமி அறை இருக்கிற வீட்டுக்குள் அவர் விடுவதில்லை.

"கராஜுக்குள்ள ஆர் வந்தது?"

"ஒருத்தரும் வரேல்லை. பூட்டிப்போட்டுத் திறப்பை நான்தான் வச்சிருந்தனான்."

தவராஜாவுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. மகளைக் காப்பாற்ற வந்த தாய், தன் வாயாலேயே மகளின் கழுத்தில் கயிற்றை இறுக்குகிறாரே. மாக்கிரட்டின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. காப்புறுதி நிறுவனமொன்றில் விபத்துகளைத் துருவித் துருவிப் பார்த்தே தலை நரைத்த மன்னார்க்காரி அவர். கோட்டை மாட்டிக்கொண்டு, கமலாதேவிக்கும் ஒன்றைப் போர்த்திவிட்டார்.

ஹெர்னிங் போகும் வழியெல்லாம் எதிரணி உளவாளி, பூட்டு உடைக்கிற கூட்டம் என்று தவராஜா அவிழ்த்துவிட்டுக்கொண்டே வந்தார். பின் இருக்கையில் விசும்பல் கேட்டபிறகுதான் வாயை மூடினார்.

அரங்கின் நீண்ட நடைவழியில், காப்புக் கவசங்களைக்கூடக் கழற்றாமல் ஜெனுஷா சுவரோர வாங்குப் பலகையில் குந்தியிருந்தாள். தாய் பக்கத்தில் போய் இருந்து கையைப் பிடித்துக் கெஞ்சினார். அவள் நிமிரவில்லை. "வீட்டுக்குப் போங்கள், அம்மா" என்று டேனிஷில் மட்டும் சொன்னாள். பயிற்றுநர் ஹென்ரிக் கேட்டதற்கும் காலையிலிருந்து அவள் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: நான் செய்யவில்லை.

ஹென்ரிக் கெட்ட மனிதரல்ல. சப்பாத்துகளை மேசையில் வைத்துப் பொறுமையாக விளக்கினார். நேற்று மாலை அணியின் உபகரணக்காரர் அஸ்ட்ரிட்டின் அலகுகளைத் தீட்டி, ஈரம் துடைத்து, துணி உறை போட்டுப் பைக்குள் வைத்திருக்கிறார். அதோடு இன்னொன்றும் இருந்தது. அஸ்ட்ரிட் விழுந்த கையோடு, அவளுடைய அலகு உறை ஒன்றை ஜெனுஷா குழாயடியில் தேய்த்துத் தேய்த்துக் கழுவியதை உபகரணக்காரர் கண்ணால் கண்டிருக்கிறார். மற்ற உறையை அவர் பறித்து வைத்துக்கொண்டார். குற்றமில்லாதவள் எதற்காகக் கழுவவேண்டும் என்று ஹென்ரிக் கேட்டார். முதல் தடவையாக, இவள்தான் செய்திருப்பாளோ என்று தவராஜாவுக்கே தோன்றிவிட்டது. அப்படித் தோன்றியதற்காகத் தன்னையே திட்டிக்கொண்டார்.

மாக்கிரட் சப்பாத்துகளைக் கவிழ்த்துப் பார்த்தார். இரண்டு அலகுகளிலும் நடுப்பகுதிதான் ஒரே மாதிரித் தேய்ந்திருந்தது. அந்த இடத்தில் தேநீர் நிறத்தில் துருவும் பூத்திருந்தது. கழுவாத உறையை வாங்கி உட்புறத்தைப் புரட்டினார். சின்னதாக ஒன்று உள்ளங்கையில் விழுந்தது. மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனவர் கையைப் பொத்திக்கொண்டார்.

பிறகு ஜெனுஷாவிடம் போய், அஸ்ட்ரிட்டுடையதைப் போலவே அணி கொடுத்த புதுச் சப்பாத்து அவளுக்கும் கிடைத்ததா என்று கேட்டார். கிடைத்தது, ஆனால் காலுக்கு இன்னும் இணங்கவில்லை, அதனால் இங்கே அலுமாரியில் கிடக்கிறது, தான் போடுவது பழையதைத்தான் என்றாள் அவள்.

"இது வீட்டில தெரியுமோ?"

ஜெனுஷா முதல் தடவையாக நிமிர்ந்தாள். அந்தக் கண்களில் இருந்த பயத்தைத் தவராஜா கண்டார். இனிக் கேட்கவேண்டாம் என்று அந்தக் கண்கள் கெஞ்சின.

மாக்கிரட் அவளை விட்டுவிட்டுக் கமலாதேவியின் பக்கத்தில் போய் அமர்ந்தார். அடுப்படியில் கதைக்கிற குரலில் கேட்டார்.

"கமலா, எத்தினை தேசிக்காய் வச்சனீங்கள்?"

"ரெண்டு, அக்கா. ஒரு காலுக்கு ஒண்டு. பிள்ளையள் படுத்தாப் பிறகு, உறையைக் கழட்டி, கராஜ் சீமெந்தில வச்சு, சப்பாத்துக்குள்ள கையை விட்டு நல்லா அமத்திப்போட்டு, உறையைத் திரும்பப் போட்டனான். புதுச் சாமான் எல்லோ? பிள்ளைக்கு நாவூறு, கண்ணூறு படாமல்..."

அமத்திக் காட்டிய கை அந்தரத்தில் நின்றது. மேசையில் கிடந்த மினுங்கும் சப்பாத்தைப் பார்த்தார். மகளின் காலடியில் கிடந்த பழையதைப் பார்த்தார்.

"அது என்ர பிள்ளையின்ர இல்லையோ?"



நாலு மணிக்கு ஹென்ரிக்கின் அறையில் எல்லோரும் கூடினார்கள். முழங்காலில் கட்டோடு அஸ்ட்ரிட்டும் ஊன்றுகோலில் வந்து இருந்தாள். மாக்கிரட் டேனிஷில், அவசரப்படாமல் சொன்னார்.

"கெடுதி செய்ய வருகிறவன் ஓர் அரத்தால் ஒரு இழுவை இழுத்துவிட்டுப் போவான். இங்கே இரண்டு சப்பாத்தையும் ஒரே அளவாக, முழுப் பாரமும் கொடுத்துச் சீமெந்தில் அமத்தியிருக்கிறார்கள். துடைத்து வைத்த இரும்பு ஒரே இரவில் துருப்பிடித்திருக்கிறது. புளிச்சாறு பட்டு, உறைக்குள் மூடிக் கிடந்ததால் வந்த துரு அது. இதோ உறைக்குள் இருந்த விதை. புதுப்பொருள் ஒன்று வீட்டுக்கு வந்தால், கண்ணூறு படாமலிருக்க அதன் அடியில் எலுமிச்சை வைத்து நசிப்பது எங்கள் வழக்கம். இந்தத் தாய் தன் மகளுடையது என்று நினைத்து, அஸ்ட்ரிட்டின் சப்பாத்துக்குச் செய்துவிட்டார்."

ஹென்ரிக் நம்ப விரும்பினார், ஆனால் நம்ப முடியவில்லை. நல்ல பொருளின் அடியில் யாராவது பழத்தை வைத்து நசிப்பார்களா என்று கேட்டார். மாக்கிரட் தவராஜாவைத் திரும்பிப் பார்த்தார். ஐந்து நிமிடத்தில், டென்மார்க் அணியின் பயிற்றுநர் வாகனத் தரிப்பிடத்தில் முழந்தாளிட்டு, தவராஜாவின் டயர் இடுக்கிலிருந்து காய்ந்த பச்சைத் தோலை நகத்தால் கிள்ளி எடுத்து மணந்து பார்த்துக்கொண்டிருந்தார். இவ்வளவு காலத் துப்பறியும் ஆசையில், தன் கார்தான் சாட்சியாகும் என்று தவராஜா கனவிலும் நினைத்ததில்லை.

"அப்படியென்றால் அவள் ஏன் கழுவினாள்?" எழுந்து நின்ற ஹென்ரிக் கேட்டார்.

"தடயத்தை அழிக்க நினைப்பவள், அஸ்ட்ரிட் விழுமுன் கழுவியிருப்பாள்," என்றார் மாக்கிரட். "இவள் விழுந்தபிறகு, சிநேகிதியின் சப்பாத்தைக் கழற்றி உறை போடப் போயிருக்கிறாள். அப்போது மணந்திருக்கிறது. உங்களுக்கு அது வெறும் எலுமிச்சை. இவளுக்கு அது அம்மா."

அறைக்குத் திரும்பியபோது, கமலாதேவி அஸ்ட்ரிட்டின் முன்னால் நின்று, உடைந்த டேனிஷில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். சொற்கள் போதாமல் தமிழிலும் கேட்டார். அஸ்ட்ரிட் அழுதாள். இந்தப் போட்டிக்காக அவள் எத்தனையோ காலம் காத்திருந்தவள். அதை யாராலும் திருப்பித் தர முடியாது. ஹென்ரிக் ஜெனுஷாவிடம் வருத்தம் தெரிவித்துவிட்டு, இரவு ஆட்டத்துக்கு ஆயத்தமாகச் சொன்னார்.

தாய் மகளிடம் திரும்பினார். "தெரிஞ்சும் ஏன் பிள்ளை சொல்லேல்லை? உன்ர வாழ்க்கையெல்லோ போகப் பாத்தது."

ஜெனுஷா அன்று முழுவதும் பேசாத தமிழில் சொன்னாள். "அவள் நேற்று உங்கட கையால சாப்பிட்டவள், அம்மா. அவளுக்கு முன்னால நீங்கள் தலை குனிஞ்சு நிக்கிறதை என்னால பாக்கேலாது."

தவராஜா சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். மாக்கிரட் கைக்குட்டையை நீட்டியபோது, தடிமன், மூக்கு ஒழுகுது என்று சொல்லி வாங்கிக்கொண்டார்.

அன்றிரவு ஜெனுஷா கோலில் நின்றாள். மகள் அங்கே நிற்கவேண்டும் என்று தாய் பிரார்த்தித்தது கிடைத்தது, ஆனால் அவர் அதைப் பார்க்கவில்லை. அஸ்ட்ரிட்டின் பக்கத்தில், அவளுடைய ஊன்றுகோலை மடியில் வைத்தபடி கண்ணை இறுக்க மூடியிருந்தார். அரங்கம் கத்தும்போதெல்லாம் அவர் உடம்பு தூக்கிப் போட்டது. கடைசியில் கூட்டம் எழும்பி நின்று ஆர்ப்பரித்தது. அஸ்ட்ரிட் அவருடைய தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"கண்ணைத் திறங்கள். அவள் தடுத்துவிட்டாள்."

கமலாதேவி கண்ணைத் திறந்தார். அவர் முதலில் பார்த்தது அஸ்ட்ரிட்டின் முழங்காலைத்தான்.