வெந்நீர் ஆலோசகர் கடத்தல்

செல்போன் அலறியது!

கேமராவுக்கு முன்னால் புன்னகையை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த ஜாபேஸ், எரிச்சலோடு எடுத்தான். தெரியாத நம்பர்.

"வணக்கம்! 'முதுமை ஒரு வரம்' சேனல்! வாழ்வியல் ஆலோசகர் ஜாபேஸ் பேசுறேன்!"

மறுமுனையில் மூச்சுச் சத்தம் மட்டும்.

பிறகு ஒரு பெண் குரல்.

"ஒரு உசுரு போச்சு சார்."

"எ... என்னது?"

"உங்க வீடியோவக் கேட்டுத்தான் போச்சு. இப்பவே கெளம்பி வாங்க. தனியா வரணும். வரலைன்னா அந்த வீடியோவத் தூக்கிக்கிட்டு நான் ஸ்டேஷனுக்குப் போவேன்!"

திருச்சுழிக்குப் போகிற வழியில் ஒரு ஊர்ப் பெயரைச் சொன்னாள். போன் செத்தது.

ஜாபேஸ் கேமராவை அணைத்தான்.

பாளையம்பட்டியில் செல்போன் ரீசார்ஜ் கடை வைத்திருந்தவன் அவன். ஊரே அவரவர் போனில் அவரவரே ரீசார்ஜ் செய்யத் தொடங்கியதும், ஈ ஓட்டினான். ஈ ஓட்டிய நேரத்தில் ஒரு வீடியோ எடுத்தான். 'மூட்டு வலியா? பின்பக்கமாக நடங்கள்!'

பிய்த்துக்கொண்டு ஓடியது!

மறுநாளே அவன் வாழ்வியல் ஆலோசகர். உடம்பில் வெள்ளைக் கோட்டு. கிறிஸ்துமஸ் பாடல் குழுவுக்குத் தைத்தது. பெற்ற தாயோ பாலவனத்தத்தில் தங்கை வீட்டில் இருந்தாள். அவளுக்கு ஒரு வேளை மாத்திரைகூட எடுத்துக் கொடுத்திராதவன், ஊரிலுள்ள முதியவர்களுக்கெல்லாம் வைத்தியம் சொல்லிக்கொண்டிருந்தான்.

கோட்டைக்கூடக் கழற்றாமல் பஸ் ஏறியவன், துண்டால் முகத்தை மூடிக்கொண்டான். யாராவது அடையாளம் கண்டுவிட்டால்?

கண்டக்டர் குனிந்து பார்த்தார்.

"என்னண்ணே, பல்லு வலியா?"

துண்டை லேசாக விலக்கிக் காட்டினான்.

கண்டக்டருக்கு அவனைத் தெரியவில்லை. பஸ்ஸில் ஒருவருக்கும் தெரியவில்லை. கொலைப் பழி தலைக்கு மேல் தொங்குகிற நேரத்திலும், ஜாபேஸுக்கு அது கொஞ்சம் வலித்தது!

கருவேலங்காட்டை ஒட்டி ஒற்றை வீடு. வாசலில் முப்பத்தைந்து வயதுப் பெண். சிவந்த கண்கள். கலைந்த தலை.

"நீ... நீங்கதான் போன்ல..."

"முனீஸ்வரி. உள்ள போங்க."

போனான்.

கட்டிலில் ஓர் உருவம்! உச்சி முதல் உள்ளங்கால் வரை வெள்ளை வேட்டி போர்த்தியிருந்தது. மேலே இரண்டு ஈக்கள்.

ஜாபேஸ் பின்பக்கமாக ஓரடி வைத்தான்.

'படார்!'

பின்னால் கதவு மூடியது. வெளித்தாழ்ப்பாள் விழுந்தது!

"ஏம்மா! கதவத் தொற! தொறங்கிறேன்ல!"

அப்போது... பிணம் பேசியது.

"முனீசு... காப்பி வேணாம். வெந்நி குடு."

ஓர் அலறல் எழுந்தது! யார் இப்படிக் கேவலமாக அலறுவது என்று ஜாபேஸ் திரும்பிப் பார்த்தான். அறையில் வேறு ஆளில்லை. அலறியது அவன்தான்.

வேட்டி விலகியது. எழுபது தாண்டிய முகம் ஒன்று கண்களை இடுக்கிப் பார்த்தது. மலர்ந்தது.

"அடடே! டாக்டர் தம்பி! நீங்களா?"

ஜாபேஸ் ஜன்னலுக்குப் பாய்ந்தான். கம்பிக்கு வெளியே முனீஸ்வரி.

"இவரு உசுரோடதான இருக்காரு! அப்புறம் செத்தது யாரு?"

"நான்தான்."

"ஆங்?"

"எங்க மாமனாரு கருத்தப்பாண்டி சார் அவரு. சும்மா நடந்துக்கிட்டிருந்த மனுசன். பின்பக்கமா நடந்தா மூட்டு வலி போயிரும்னு நீங்க சொன்னீக. நடந்தாரு. தொட்டியில மோதி விழுந்தாரு. இடுப்பெலும்பு போச்சு. ஆபரேசன் முடிஞ்சு படுக்கையில கெடக்காரு. என் வீட்டுக்காரரு திருப்பூர்ல வேலையில. தூக்கறது, துடைக்கறது, பொரட்டறது எல்லாம் நான் ஒருத்திதான்."

"அது... வந்து..."

"நேத்து ஒரு வீடியோ போட்டீகள்ல? பாத்துக்கிடுறவுக தெனமும் எட்டு மணி நேரம் தூங்கணும்னு?"

"ஆ... ஆமா."

"தூங்கப் போறேன். பாத்துக்கங்க."

"இது கடத்தல்! நான் போலீஸக் கூப்பிடுவேன்!"

"கூப்பிடுங்க. பின்பக்க நடையப் பத்தியும் சேத்துச் சொல்லுங்க."

போய்விட்டாள்!

ஜாபேஸ் போனை எடுத்தான். யோசித்தான். பைக்குள் வைத்தான்.

"தம்பி..." என்றார் கருத்தப்பாண்டி கூச்சத்தோடு. "ஒண்ணுக்கு வருது."

ஜாபேஸின் வாழ்வியல் அறிவு அந்த இடத்தில் முடிந்துபோனது.

கட்டிலுக்கடியில் பாட்டில் இருந்தது. எப்படிப் பிடிப்பது என்று பெரியவரே சொல்லிக் கொடுத்தார். பாதி பாட்டிலுக்குள் போனது. மீதி பாடல் குழுக் கோட்டில்.

வேட்டியை மாற்ற அவரைத் தூக்கினான். 'கடக்!'

"என்ன தம்பி, என் எலும்பா?"

"இல்லய்யா... என்னோடது!"

"முதுகுக்கு நீங்கதான ஒரு எண்ணெ சொன்னீக?"

"அய்யா, ஒண்ணு சொல்றேன். நான் டாக்டரு இல்ல."

"தெரியும் தம்பி."

"தெரியுமா?"

"டாக்டரு நம்மகூட ரெண்டு நிமிசத்துக்கு மேல எங்க பேசுறாரு? நீங்க அரை மணி நேரம் பேசுறீகள்ல. படுத்துக் கெடக்கறவனுக்கு அது போதும்யா."

ஜாபேஸ் சீப்பை எடுத்துப் பெரியவருக்குத் தலை சீவிவிட்டான். முதுகைத் துடைத்துவிட்டான். பரவாயில்லையே, நமக்கும் கை வருகிறதே என்று தன்னைத்தானே மெச்சிக்கொண்டான்.

மெச்சி முடிக்கவில்லை.

பெரியவரின் கை வெடவெடவென்று நடுங்கியது!

நெற்றியில் வேர்வை! கழுத்தில் வேர்வை! சட்டை தொப்பலாக நனைந்தது!

"அய்யா! என்ன செய்யுது?"

"மாட்ட... அவுத்துக் கட்டுலே... மழ வருது..."

மழையா? வெளியே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது!

"முனீஸ்வரி! யம்மா முனீஸ்வரி!"

பதிலில்லை. எத்தனையோ இரவுகளின் தூக்கம் அவளை அமுக்கிப் பிடித்திருந்தது.

ஜாபேஸ் போனில் தேடினான். 'முதியவருக்கு அதிகமாக வேர்த்தால்...'

முதலில் வந்து நின்றது ஒரு வீடியோ. வெள்ளைக் கோட்டில் ஓர் ஆள். பளீர்ப் புன்னகை.

'வேர்க்கிறதா? மகிழுங்கள்! உடலின் நச்சுகள் வெளியேறுகின்றன!'

"அட நாசமாப் போறவனே!" என்று தன்னையே வைதான் ஜாபேஸ்.

நூற்றியெட்டுக்கு அடித்தான்.

"சீக்கிரம் வாங்க! திருச்சுழி ரோட்டுல, கருவேலங்காட்டு ஓரம் ஒத்த வீடு! பெரியவரு ஒருத்தரு ஒளறுறாரு! கதவு வெளிய பூட்டியிருக்கு! என்னயக் கடத்திட்டாக!"

"பதட்டப்படாதீங்க சார்." நிதானமான குரல். "அவருக்குச் சுகர் உண்டா?"

"அய்யா, சுகரு இருக்கா?"

"மாத்திர... முனீசு குடுத்துருச்சு..."

"சாப்புட்டீகளா?"

"கஞ்சிய... ஜன்னல் வழியா... கோழிக்கு ஊத்திட்டேன். பதினோரு மணி வரைக்கும்... வெந்நி மட்டுந்தான்னு... நீங்கதான சொன்னீக..."

ஜாபேஸின் தலையில் இடி இறங்கியது! சுகர் மாத்திரை உள்ளே. கஞ்சி கோழிக்கு. சொன்னவன் அவன்!

"சார்! லைன்ல இருக்கீங்களா? சுகர் இறங்கிருச்சு. அவரால முழுங்க முடியுதா?"

"எச்சி முழுங்குறாரு!"

"சாய்ச்சு உக்கார வச்சு, தண்ணில சர்க்கரையக் கரைச்சுக் கொஞ்சங் கொஞ்சமாக் குடுங்க. நெனவு தப்பிருச்சுன்னா வாயில எதையும் ஊத்தக் கூடாது. ஒருக்களிச்சுப் படுக்க வைங்க. வண்டி கிளம்பிருச்சு!"

"சர்க்கர வியாதிக்காரருக்குச் சர்க்கரையா?"

"இப்ப அதுதான் சார் மருந்து! குடுங்க!"

சமையல் மூலைக்குத் தாவினான். மிளகாய்ப்பொடி. புளி. உப்பு. சர்க்கரையைக் காணோம்!

"அய்யா! சர்க்கர எங்க?"

கருத்தப்பாண்டியின் கண்கள் சொருகிக்கொண்டிருந்தன. ஆனாலும் ஒரு விரல் மெல்ல எழுந்தது. மேல் பலகையில் அரிசித் தூக்குச்சட்டிக்குப் பின்னால் காட்டியது. அவருக்குத் தெரியக் கூடாதென்று மருமகள் ஒளித்து வைத்திருந்த டப்பா!

கரைத்தான். சாய்த்தான். புகட்டினான்.

ஒரு வாய்... இன்னொரு வாய்...

"முழுங்குங்க அய்யா! உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் கொலகாரன்யா!"

நடுக்கம் மெல்ல அடங்கியது. கண்கள் நிலைக்கு வந்தன. உதடுகள் அசைந்தன.

"இன்னுங் கொஞ்சம் சர்க்கர போட்டிருக்கலாம் தம்பி."

ஜாபேஸ் தரையில் உட்கார்ந்து, வெட்கமில்லாமல் அழுதான்.

வெளியே சைரன்!

கதவு திறந்தது. ஆம்புலன்ஸ்காரர் உள்ளே ஓடி வந்து விரலில் குத்திச் சுகர் பார்த்தார்.

"தப்பிச்சாரு. இப்பவே ஏதாவது சாப்பிடக் குடுங்க. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறோம், டாக்டர் மாத்திரை அளவப் பாக்கட்டும். சாப்பிடாம மட்டும் சுகர் மாத்திரையப் போடவே கூடாது!"

பின்னாலேயே முனீஸ்வரி ஓடி வந்தாள். கன்னத்தில் பாயின் வரிகள் அச்சாகப் பதிந்திருந்தன.

"மாமா! கஞ்சியக் குடிச்சேன்னு சொன்னீகளே மாமா!"

அவளுக்கும் பின்னால்... காக்கி!

இன்ஸ்பெக்டர் முத்துமாரியம்மாள்.

"கடத்தல்னு ஆம்புலன்ஸ்லருந்து தகவல் வந்துச்சு. யார் யாரக் கடத்துனது?"

முனீஸ்வரி கைகளை நீட்டினாள்.

"நான்தான் மேடம். இவர உள்ள வச்சுப் பூட்டுனேன். ஜெயிலுக்கு வாரேன். அங்க படுக்க எடங் குடுப்பாகள்ல?"

ஜாபேஸ் அவள் முகத்தைப் பார்த்தான். அந்தப் பாய் வரிகளைப் பார்த்தான்.

"கடத்தலா? யாரு மேடம் சொன்னது? நானாத்தான் வந்தேன். ஒத்தாசைக்கு. இனிமே வாரா வாரம் வருவேன்."

"கதவு பூட்டியிருந்துச்சுன்னு சொன்னீங்களாமே?"

"காத்துக்குச் சாத்திக்கிச்சு மேடம்."

"வெளித்தாழ்ப்பாளும் காத்துக்கா?"

"பலத்த காத்து மேடம்."

இன்ஸ்பெக்டர் பெரியவரைப் பார்த்தார். சீவிய தலை. மாற்றிய வேட்டி. துடைத்த முகம். பிறகு ஜாபேஸின் தோளைப் பிடித்து, ஆளில்லாத வேப்பமரத்தடிக்கு இழுத்துப் போனார்.

தீர்ந்தது கதை. பொய் சொன்னதற்குத் தனி கேஸ்!

இன்ஸ்பெக்டர் சுற்றுமுற்றும் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார். அந்தக் கண்களும் சிவந்துதான் இருந்தன.

குரலைத் தாழ்த்தினார்.

"எங்கம்மாவும் படுக்கையிலதான் சார் இருக்காங்க. வர்ற ஞாயித்துக்கெழம எங்க வீட்டுப் பக்கமும் பலத்த காத்து அடிக்கும்போல இருக்கு... வாரீகளா?"