கம்பி விடாத ஓட்டை

அந்த நவம்பர் காலையில் எல்லோர் வாயிலிருந்தும் ஆவி பறந்துகொண்டிருந்தது. லெப்டினன்ட் ஃபால்க்கின் வாயிலிருந்து மட்டும் வரவில்லை. தன் போர் விமானத்தின் கீழ் இறக்கையில் ஒரு காலை வைத்துக்கொண்டு அவர் மேகத்தைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். மெக்கானிக் ஓனோ அவருடைய உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தான். பீட்ரூட் வயலில் படிந்த உறைபனி, வார்னிஷின் அழுகிய பேரிக்காய் வாடை, கிழக்கே விடிந்தும் விடியாமலும் கேட்கும் பீரங்கி முணுமுணுப்பு எல்லாம் வழக்கம்போலவே இருந்தன.

"என்னடா, என் மூஞ்சியில எண்ணெய் ஒழுகுதா?"

"ஒண்ணுமில்ல, லெப்டினன்ட் ஐயா."

விமானம் மேலேறி மறைந்ததும், எஞ்சினைப் பார்த்துக்கொள்ளும் புருனோ காபியோடு வந்தான்.

"உன் ஆளு என்ன, விரதமா? நாலு நாளா சூப்பைத் தொடல. அவர் சாசேஜையும் சேத்து முழுங்கி எனக்குத்தான் வயிறு உப்பிக் கிடக்கு."

நாலு நாள். ஓனோவுக்குப் பயம்கூட உடனே வரவில்லை. இரண்டு விமானிகளைப் பறிகொடுத்ததில் மனசு மரத்துப்போயிருந்தது. ஆனால் இந்த மூன்றாவது ஆளை மட்டும் போர் முடியும்வரை விட்டுவிடக் கூடாது என்று உள்ளுக்குள் ஒரு பிடிவாதம். அவன் அப்பா செத்தபோது மேலதிகாரியிடம் மல்லுக்கு நின்று லீவு வாங்கிக் கொடுத்தவர் ஃபால்க்தான்.

விமானத்தின் இறக்கைத் துணியில் குண்டு துளைத்தாலும் நடு உடலைப் போர்த்திய துணியில் துளைத்தாலும், மூடுவதற்கு முன்னால் ஓட்டைக்குள் நீளமான கம்பியை விட்டுப் பார்ப்பது அந்த விமானக் கொட்டகையின் வழக்கம். குண்டு எந்த வழியாகப் போனது, எதை அறுத்தது என்று கம்பி காட்டிவிடும். பிறகுதான் ஒட்டுத்துணி, வார்னிஷ், அதன்மேல் தேதியும் ஒரு சிறிய சிலுவைக்குறியும். நாலு நாளுக்கு முன்பு ஃபால்க்கின் விமானத்தில் பதினோரு ஓட்டைகள். கடைசியானது விமானத்தின் அடிப்பக்கத்தில், இருக்கைக்குச் சற்றுப் பின்னால். குளிரில் ஓனோவின் விரல்கள் விறைத்துப்போயிருந்தன. ஃபால்க் தன் காலாலேயே இறங்கி, "ஒரு கீறல்கூட இல்ல" என்று சிரித்துவிட்டுப் போயிருந்தார். ஓனோ கம்பி விடாமலே மூடிவிட்டான்.

மதியம் விமானம் திரும்பி வந்தது. எஞ்சின் அடங்கியது. ஃபால்க் இறங்கவில்லை, இருக்கையிலேயே குறிப்பேட்டில் எழுதத் தொடங்கினார். புருனோ பெட்ரோல் எடுக்கப் போய்விட்டான். ஓனோ கம்பியை எடுத்துக்கொண்டு அடியில் மல்லாந்து ஊர்ந்தான். தன் கையால் வரைந்த சிலுவைக்குறியைக் கத்தியால் கீறித் திறந்தான்.

கம்பியை விட்டான்.

துணி தாண்டியது. இருக்கையின் முதுகுப்பலகையில் முட்டும் என்று நினைத்தான். முட்டவில்லை. பலகையிலும் ஓட்டை.

அதற்குப் பிறகு மரம் இல்லை. மெத்தென்று ஏதோ.

கம்பி போனது. இன்னும் போனது.

மேலே பென்சில் கீறும் சத்தம். நிற்கவே இல்லை.

பிறகு நின்றது.

"ஓனோ."

"...ஐயா."

"ஏன்டா தொறந்த? நல்லாத்தானே மூடி வச்சிருந்த."

கம்பியை உருவினான். நுனியில் சிவப்பு இல்லை. காய்ந்த கறுப்பு.

"காத்து உள்ள வருதுடா. சீக்கிரம் ஒட்டு. மூணு மணிக்குக் கெளம்பணும்."

கைகள் அவனைக் கேட்காமலே வேலை செய்தன. துணியை வெட்டின. ஒட்டின. வார்னிஷ் பூசின. தேதி. சிலுவை. அழ வேண்டும் என்று தோன்றியது. அழுகை வரவில்லை.

வெளியே ஊர்ந்து வந்து நிமிர்ந்தான். ஃபால்க் தோல்சட்டையைக் கழற்றி மடியில் வைத்திருந்தார். சட்டையையும். வெறும் முதுகைக் காட்டியபடி முன்னால் குனிந்து, பொறுமையாகக் காத்திருந்தார்.

"இதையும்."

ஓனோ இறக்கைமேல் ஏறினான். முதுகில் இருந்த ஓட்டையின் ஓரத்தை, எல்லா ஓட்டைகளுக்கும் செய்வதுபோல, கந்தலால் துடைத்தான். பிறகு இரண்டாவது துண்டுத் துணியை அளந்து வெட்டினான்.