பூஜ்ஜியம் காட்டிய அரை விநாடி

காலை 10.05.

இருபத்து நான்கு கண்ணாடிக் குழாய்கள். ஒன்றுகூடத் தப்பவில்லை.

ஆய்வுக்கூடங்களுக்கென்று செய்த புது இயந்திரம். தண்டவாளத்தில் ஓடும் சிறு வண்டி. அதன்மேல் குழாய்களைப் பிடித்திருக்கும் இரும்புக் கை. பொத்தானை அழுத்தினார்கள். வண்டி பாய்ந்தது. பட்டறை முழுக்கக் கண்ணாடிச் சில்லு.

கணினியில் இயந்திரத்தை ஓட்டிப் பார்த்து, ‘பயமில்லை’ என்று அறிக்கை கொடுத்தவள் முதலாளியின் மனைவிக்குத் தங்கை.

“பன்னெண்டு மணிக்கு மெஷினை வாங்கறவங்க வர்றாங்க. இவ பொய்க் கணக்கு காட்டியிருந்தா, கொழுந்தியான்னு பாக்க மாட்டேன். இன்னியோட வேலை காலி,” என்றார் முதலாளி.

10.20.

பாதுகாப்பு அதிகாரி வந்தார். போலீஸில் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வுபெற்ற அம்மாள். பட்டறை ஆட்கள் அவருக்கு வைத்த பெயர் ‘டார்ச்’.

“எப்ப உடைஞ்சுது?”

“கிளம்பின உடனே மேடம்,” என்றார் ஃபிட்டர். “கை திரும்பவே இல்ல. அதுக்குள்ள எல்லாம் போச்சு.”

டார்ச் அறிக்கையிலிருந்த முடுக்க வரைபடத்தைப் பார்த்தார். முதல் அரை விநாடிக்குக் கோடு பூஜ்ஜியத்தில் படுத்துக் கிடந்தது. பிறகுதான் லேசாக எழுந்தது.

“இதுல கை வச்சியா?” என்று கொழுந்தியாளிடம் கேட்டார்.

“ஒரு புள்ளிகூட மாத்தல மேடம். மாமா சொன்னதத்தான் அளந்தேன்.”

“நான் சொன்னேனா?”

“நேத்து அனுப்பின வாய்ஸ் மெசேஜ் இருக்கு மாமா.”

போட்டாள். கார் ஹாரன்களுக்கு நடுவே முதலாளியின் குரல்: “கையோட வண்டியோட முடுக்கத்தையும் எடுத்துடு.”

“கேட்டீங்களா? வண்டியோட முடுக்கம். இதுல என்ன குழப்பம்?”

டார்ச் சிரித்துவிட்டார். “கம்ப்யூட்டர்ல அளவு எடுத்த பெட்டியத் திற பாப்போம்.”

திரையில் இரண்டு பெயர்கள் இருந்தன. வண்டி. கை.

“ஒரே ஒரு பாகத்தத் தேர்ந்தெடுத்தா?”

“தரைய வச்சு அளக்கும் மேடம். ரெண்டு எடுத்தா, ஒண்ண வச்சு இன்னொண்ண அளக்கும்.”

“அதான். பஸ் கிளம்பறப்போ பக்கத்து சீட்டு ஆளைப் பாத்தா அசையாமதான் இருப்பாரு. கையும் வண்டியும் ஒண்ணாப் பாயுது, ஒண்ணுக்கொண்ணு பூஜ்ஜியம். அந்த அரை விநாடிலதான் குழாய் உடைஞ்சுது.”

“ரெண்டையும் எதுக்கும்மா எடுத்த?” என்றார் முதலாளி.

“உங்க வாய்தான் சார் குற்றவாளி,” என்றார் டார்ச். “நீங்க ‘கையோட’ன்னது ‘உடனே’ங்கற அர்த்தத்துல. இவ காதுல விழுந்தது இரும்புக் கை. கையை வச்சு வண்டிய அளந்துட்டா.”

முதலாளி கழுத்தைச் சொறிந்தார்.

10.50.

வண்டியை மட்டும் எடுத்து அளந்தாள். கிளம்பும்போது முடுக்கம் ஆறு. குழாய் தாங்குவது இரண்டு. வண்டி மெல்ல வேகமெடுக்கும்படி மோட்டாருக்குப் புது ஓட்டம் கொடுத்தாள்.

11.40.

புதுக் குழாய்கள். பொத்தான். வண்டி பூனைபோலக் கிளம்பிப் போய் நின்றது. இருபத்து நான்கும் முழுசு.

வாசலில் கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

“வந்துட்டாங்க. நீயே ஓட்டிக் காட்டும்மா,” என்றார் முதலாளி. அவள் நகரவில்லை. “என்ன, கோவமா?”

“இல்ல மாமா. பொய்க் கணக்குன்னு சொன்னீங்களே, அத அக்காகிட்ட நான் சொல்லவா, நீங்களே சொல்லிடறீங்களான்னு யோசிக்கறேன்.”