அக்கரைக்குத் தள்ளு!

"சார்! கதவைத் திறங்க சார்!"

லாட்ஜ் மேனேஜர் கதவை உடைக்காத குறையாகத் தட்டினார்.

உள்ளே மரவாடிக்காரன் கட்டிலிலிருந்து துள்ளி எழுந்தான். நேற்றுச் சாயங்காலம் குளிக்கப் போன இடத்தில், மரவாடியில் பங்கு கேட்டு நச்சரித்த மச்சானைப் பாறையிலிருந்து தள்ளிவிட்டிருந்தான். ஆறு அள்ளிக்கொண்டு போய் நாணல் திட்டில் செருகியதைக் கண்ணாலேயே பார்த்தான்.

ஓடிவிடலாமென்றால்... பாலம் முழுகிவிட்டது!

"என்னய்யா?"

"படகு ரெடி சார்! நீர்நாய் பாக்க வேணாமா? உங்க மச்சான் எங்கே?"

"அவன்... நேத்தே கிளம்பிட்டான்."

"பாலம் முழுகறதுக்கு முன்னாடியே! கெட்டிக்காரர்தான். நீங்க வாங்க."

"தலைவலிய்யா..."

"ஆத்துக் காத்து பட்டா பறந்துடும். எல்லா ரூம்காரங்களும் போய்ப் பாத்துட்டு வந்தாச்சு, நீங்கதான் பாக்கி."

மறுத்தால் சந்தேகம். ஏறினால் நாணல் திட்டில் பிணம்!

ஏறினான்.

படகோட்டி காய்த்துப்போன கையால் மூங்கில் கழியை ஊன்றினான். கொக்குகள் கிளம்பின. கரைச் சேற்றில் இரண்டு நீர்நாய்கள் ஒரு மீனுக்கு உருண்டு புரண்டன.

"பாருங்க சார், மாமன் மச்சான் சண்டை மாதிரியே இல்ல?"

மரவாடிக்காரன் பார்த்தது நாணலை மட்டும்.

நெருங்கியது... நெருங்கியது...

காலி!

"என்ன சார் தேடறீங்க?"

"ஒ... ஒண்ணுமில்லை."

படகோட்டி குரலைத் தாழ்த்தினான்.

"வெளியில சொல்லிடாதீங்க. வெள்ளத்துல பொணம் ஒதுங்கினா, கழியால அக்கரைக்குத் தள்ளிவிட்டுடுவோம். கேஸ் அந்த ஸ்டேஷனுக்குப் போயிடும். இங்கேயே கெடந்தா லாட்ஜுக்குப் பூட்டு... எங்க வயித்துல ஈரத்துணி. இன்னிக்குக்கூட விடியறப்ப ஒண்ணு கெடந்துச்சு."

"தள்ளிட்டியா?" மரவாடிக்காரனுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. "நல்ல காரியம் பண்ணினேப்பா!"

"எங்கே சார் தள்றது! விலாவுல கழிய வெச்சு ஒரு அழுத்து... 'எவன்டா அவன்'னு பொணம் என்னைத் திட்டுது!"

சிரிப்பு உறைந்தது.

அப்போதுதான் கவனித்தான். லாட்ஜ் முதுகுக்குப் பின்னால் சிறுத்துக்கொண்டே போனது!

எதிரே அக்கரை. போர்வைக்குள் மச்சான்... இரண்டு பக்கமும் காக்கி!

குதிக்கலாம். ஆனால் நீச்சல்? தெரியாது!

"டேய், திருப்புடா! லாட்ஜுக்கே போ!"

"மன்னிக்கணும் சார்." படகோட்டி அசரவில்லை. "பொணமா இருந்தாலும் சரி, கொலைகாரனா இருந்தாலும் சரி... அக்கரைக்குத் தள்ளிவிடறதுதான் எங்க வழக்கம்!"